ஒருமுறை அடித்தால் மூன்று இடத்தில் வரவேண்டும்: கமக்காரர் அமைப்புத் தளத்துக்கு ஹெட்லெஸ் சீஎம்எஸ் சரிவருமா?

கரைச்சி_வலை:

கிளிநொச்சி மாவட்டத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்றின் இணையத்தளத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். இப்போது இருப்பது வேர்ட்பிரஸ்.

போட வேண்டியவை: நீர் திறப்பு அறிவித்தல், சிறுபோக, பெரும்போகக் கூட்ட அறிவித்தல், உரமும் விதைநெல்லும் வந்த விபரம், குளத்து நீர்மட்டம். நீர்மட்டம் வழமையில் நாளுக்கு ஒருமுறை, வான் பாயும் காலத்தில் நாளுக்கு நாலைந்து முறை. இதே தகவல் மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: தளம், அலுவலகச் சுவரில் இருக்கும் ரிவி, அங்கத்தவர்களுக்கான குறுந்தகவல். இப்போது மூன்றுக்கும் தனித்தனியே அடிக்கிறார்கள். ஒன்றில் திகதியைத் திருத்தினால் மற்ற இரண்டும் பழையபடியே நிற்கும்.

பதிவேற்றுபவர்கள் மூன்று பேர், மூவரிடமும் அன்ட்ரொயிட் போன் மட்டுமே. வாசிப்பவர்களும் போனில்தான், அதுவும் சிக்னல் குறைந்த இடங்களிலிருந்து. தமிழ்தான் முதன்மை, சில பக்கங்களுக்குச் சிங்களமும் ஆங்கிலமும். பழைய தளத்தில் ஏறத்தாழ 600 பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் நிறைய, பாமினி என்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவை.

ஹெட்லெஸ் சீஎம்எஸ் (உள்ளடக்கத்தை மட்டும் நிர்வகித்து, பக்கம் காட்டுவதை வேறு நிரலுக்கு விடும் மென்பொருள்) எடுப்பதென்றால் ஸ்ட்ராப்பியா, டிரெக்டஸா? எவ்வளவு பெரிய சேர்வர் வேண்டும்? வாசிப்பவர் பார்க்கும் முன்பக்கத்தைக் கட்ட அஸ்ட்ரோ என்ற கருவி போதுமா? தமிழால் மட்டும் வரக்கூடிய சிக்கல்கள் எவை?


துருசு:

மூன்று இடத்துக்கு ஒரே தகவல் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. தளம் மட்டும்தான் என்றால் ஹெட்லெஸ் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஹெட்லெஸ் சீஎம்எஸ் உள்ளடக்கத்தைத் தரவுத்தளத்தில் வைத்து, கேட்பவருக்கு ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்கும் வாசல்) வழியே ஜேசனாக (நிரல்கள் வாசிக்கும் எளிய உரை வடிவமாக) கொடுக்கும். கேட்பது தளமா, ரிவியா, குறுந்தகவல் நிரலா என்று அது பார்க்காது. அந்தக் குணம் உங்களுக்குத் தேவை.

மென்பொருளைத் தெரிவு செய்ய முன், எந்தத் தரவு எந்தப் பெட்டியில் என்ற மொடலைக் காகிதத்தில் கீறுங்கள். வேர்ட்பிரஸ் பழக்கத்தில் தலைப்பு, உடல் என்று இரண்டு பெட்டி மட்டும் வைத்து உடலுக்குள் எல்லாவற்றையும் கொட்டினால், சீஎம்எஸ் எவ்வளவு நல்லதென்றாலும் திகதியையும் வாய்க்காலையும் ரிவிக்கென்று பிரித்தெடுக்க முடியாது. உங்கள் வேலைக்கு நாலு தொகுப்பு போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது குளம்: பெயர், ஸ்லக் (இணைய முகவரியின் கடைசியில் வரும் பெயர்), இருக்கும் பிரிவு. இரணைமடு, அக்கராயன், கல்மடு, கனகாம்பிகைக்குளம் என்று ஒருமுறை அடித்து வைத்தால் சரி, பிறகு யாரும் தொடத் தேவையில்லை. இரண்டாவது வாய்க்கால்: பெயர், எந்தக் கரை, எந்தக் குளம் என்ற தொடர்பு. மூன்றாவது அறிவித்தல்: தலைப்பு, வகை, குளம், வாய்க்கால்கள், தொடங்கும் திகதி, முடியும் திகதி, விளக்கம், குறுந்தகவல் வாசகம், நிலை. ஒரு திறப்பு பல வாய்க்காலுக்குப் பொருந்தலாம் என்பதால் வாய்க்கால் தொடர்பு பலவுக்குப் பல. நாலாவது நீர்மட்டம்: குளம், நேரம், அடி, அங்குலம்.

கடைசித் தொகுப்பில் கொஞ்சம் கவனம். நீர்மட்டத்தை ஒரே தசமப் பெட்டியில் வாங்காதீர்கள். 34.6 என்று ஒருவர் அடித்தால் அவர் மனதில் இருப்பது 34 அடி 6 அங்குலம். நிரல் எடுத்துக்கொள்வது 34 அடி 7.2 அங்குலம். அடிக்கு ஒரு முழு எண், அங்குலத்துக்கு 0 முதல் 11 வரை மட்டும் ஏற்கும் இன்னொரு முழு எண் என்று இரண்டு பெட்டியாக வையுங்கள். வான் கதவு திறக்கும் நேரத்தில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கீழ்ப்பகுதி ஆட்கள் முடிவெடுப்பார்கள். இதில் பிழை வரக்கூடாது.

இனி மென்பொருள். உங்கள் இடத்துக்கு டிரெக்டஸ். அது சாதாரண எஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மேல் உட்காரும், உங்கள் அட்டவணைகள் நீங்கள் வைத்த பெயரிலேயே இருக்கும். நாளை டிரெக்டசைக் கழற்றி எறிந்தாலும் தரவு அப்படியே கையில். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி அனுமதி கொடுக்கலாம். பதிவேற்றுபவரின் போனில் ஆறு பெட்டிக்கு மேல் தெரியாதபடி மற்றவற்றை மறைத்துவிடுங்கள். 2023இல் வந்த 10ஆம் பதிப்போடு பிஎஸ்எல் என்ற பயன்பாட்டு அனுமதிக்கு (லைசன்சுக்கு) மாறியது; ஆண்டு நிதி 50 இலட்சம் அமெரிக்க டொலருக்குக் குறைந்த அமைப்புகளுக்கு இலவசம் என்பது அதன் நிபந்தனை. நிறுவும் பதிப்பின் அனுமதியை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்ட்ராப்பியும் நல்லதுதான், ஆனால் மூன்று விடயத்தைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். உற்பத்திச் சேர்வரில் தொகுப்புகளின் அமைப்பை மாற்ற விடாது. மடிக்கணினியில் மாற்றி, கோப்புகளைத் திரும்ப ஏற்ற வேண்டும். இரண்டாவது, தொடர்புகளும் படங்களும் கேட்காமல் வராது. பொப்புலேட் என்று கேட்டால்தான் வரும். குளத்தின் பெயர் வெறுமையாக வருகிறது என்று தலையைப் பிய்ப்பவர்கள் பலர் மறந்தது இதைத்தான். மூன்றாவது, 2024இல் வந்த 5ஆம் பதிப்பில் பதிலின் வடிவம் மாறிவிட்டது. 4ஆம் பதிப்பில் ஒவ்வொரு பதிவுக்குள்ளும் அட்ரிபியூட்ஸ் என்றொரு அடுக்கு இருந்தது, இப்போது இல்லை. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதிய நிரல் வெறும் பக்கத்தைக் காட்டும்.

சேர்வர்: டிரெக்டசும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் ஒரே பெட்டியில் ஓட 2 ஜிபி நினைவகம், அதோடு 2 ஜிபி ஸ்வொப் (நினைவகம் நிறைந்தால் வட்டில் எடுக்கும் இடம்). ஸ்ட்ராப்பி என்றால் 2 ஜிபியைக் குறைந்த எல்லையாக எடுங்கள். 1 ஜிபி சேர்வரில் அதன் நிர்வாகப் பலகையை பில்ட் செய்யும்போதே (மூல நிரலிலிருந்து ஓடும் கோப்புகளை ஆக்கும்போதே) நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடும்.

முன்பக்கத்துக்கு அஸ்ட்ரோ தாராளம். பில்ட் நேரத்தில் ஏபிஐயைக் கேட்டு, முழுத் தளத்தையும் நிலையான எச்ரிஎம்எல் கோப்புகளாக எழுதி, கிளவுட்ஃபிளேயர் பேஜஸ் என்ற, நிலையான தளங்களை வழங்கும் சேவையில் போடுங்கள். டிரெக்டஸ் சேர்வர் படுத்தாலும் தளம் தொடர்ந்து வேலை செய்யும். படங்களையும் பில்ட் நேரத்திலேயே இறக்கித் தளத்தோடு சேர்த்துவிட வேண்டும். பக்கம் ஓரிடத்திலும் படம் டிரெக்டஸ் சேர்வரிலும் இருந்தால், சேர்வர் படுக்கும் அன்று படமெல்லாம் உடைந்து தெரியும்.


மாங்குளம்_சந்தி:

துருசு சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒன்றில் மட்டும் உடன்பாடில்லை: பதிவேற்றுபவர் மூவரும் வேர்ட்பிரசுக்குப் பழகியவர்கள். அதை ஏன் தூக்கி எறிய வேண்டும்?

2016 டிசெம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரசின் உள்ளேயே ரெஸ்ட் ஏபிஐ இருக்கிறது. வேர்ட்பிரசைப் பின்பக்கமாக மட்டும் வைத்து, அதன் தீம் (தோற்ற வார்ப்புரு) இல்லாமல், அஸ்ட்ரோவால் வாசிக்கலாம். அடி, அங்குலம், வாய்க்கால் எல்லாவற்றுக்கும் ஏசிஎஃப் செருகியில் பெட்டி வையுங்கள். அந்தப் பெட்டித் தொகுதியின் அமைப்பில் ரெஸ்டில் காட்டு என்ற ஆளியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஏபிஐயில் ஒன்றும் வராது. நிர்வாகப் பக்கத்தை வெளியார் தொடாதபடி இன்னொரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டால், வேர்ட்பிரசின் மீது வழமையாக வரும் தாக்குதல்களில் பெரும்பகுதி வாசலிலேயே நிற்கும்.

எந்த ஹெட்லெஸ் எடுத்தாலும் கைவிட்டுப் போகிறவற்றையும் சொல்ல வேண்டும். முன்னோட்டம் தானாக வராது: டிராஃப்டைப் பார்க்கத் தனியாக ஒரு பக்கம் எழுதவேண்டும். தேடல், தொடர்புப் படிவம், மெனு, தேடுபொறிக்கான விபரம் எல்லாம் வேர்ட்பிரசில் செருகியால் வந்தவை. இங்கே ஒவ்வொன்றும் உங்கள் கைவேலை. பராமரிக்க இரண்டு அமைப்பு. இதைச் செய்ய ஒரு ஆள் தொடர்ந்து இருப்பாரா என்று அமைப்பிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சேர்வரே வேண்டாம் என்றால், பதிவேற்ற டெக்காப், தளத்தைக் கட்ட ஹியூகோ என்ற வழியும் உண்டு. உள்ளடக்கம் முழுவதும் கிட் களஞ்சியத்தில் (கோப்புகளையும் அவற்றின் மாற்றங்களையும் பதிந்து வைக்கும் இடத்தில்) மார்க்டவுன் கோப்பாக இருக்கும், செலவு இல்லை. ஆனால் பதிவேற்றும் ஒவ்வொருவருக்கும் கிட்ஹப் கணக்கு வேண்டும், உள்நுழைவுக்கு ஓஓத் பாலம் ஒன்று நிறுவ வேண்டும், போனில் எடுத்த படங்கள் களஞ்சியத்தை ஊதிப் பெருக்கும். நாளுக்கு ஐந்து முறை நீர்மட்டம் போடும் தளத்துக்கு அது பொருந்தாது. மாதத்துக்கு இரண்டு அறிவித்தல் போடும் வாசிகசாலைக்கோ கோயிலுக்கோ என்றால் அதைத்தான் சொல்வேன்.

பழைய 600 பதிவு: ஏபிஐ ஒரு தடவைக்கு 100க்கு மேல் தராது, ஆகவே ஆறு தடவை கேட்க வேண்டும். எத்தனை பக்கம் என்று பதிலின் தலைப்பகுதியிலேயே சொல்லும். ஆனால் 600ஐயும் புதிய மொடலுக்குள் கொண்டுவர மெனக்கெடாதீர்கள். மூன்று வருடத்துக்கு முந்திய நீர் திறப்பு அறிவித்தலுக்கு வாய்க்கால் தொடர்பு போட்டு யாருக்கு என்ன பயன்? கடைசி இரண்டு போகத்துக்கு உரியவற்றை மட்டும் பெட்டி பெட்டியாகப் பிரியுங்கள். மிச்சத்தை எச்ரிஎம்எல் ஆகவே ஒரு ஆவணப் பகுதியில் போடுங்கள். முகவரிகள் மட்டும் உடையக்கூடாது. ஒவ்வொரு பதிவிலும் பழைய முகவரி என்றொரு பெட்டி வைத்து, பில்ட் நேரத்தில் அதிலிருந்து வழிமாற்றுக் கோப்பை எழுதுங்கள். கிளவுட்ஃபிளேயர் பேஜசில் 2,000 நிலையான வழிமாற்று வரை போடலாம், உங்களுக்கு அது மிதமிஞ்சிய அளவு.


கரைச்சி_வலை:

இருவருக்கும் நன்றி. வேர்ட்பிரசைப் பின்பக்கமாக வைப்பதையும் யோசித்தேன். நீர்மட்டம் மாதிரி எண் தரவுக்கு டிரெக்டசின் அட்டவணை இலகு என்று படுகிறது, ஆகவே அதன் பக்கம்தான் சாய்கிறேன். தொடர்ந்து பராமரிக்க ஒரு ஆள் உண்டு.

இன்னும் தெளியாதவை இரண்டு. ஸ்லக்கைத் தமிழில் வைக்கலாமா? குறுந்தகவல் வாசகத்துக்கு எவ்வளவு நீள எல்லை வைப்பது?


முல்லைத்_தரவு:

தமிழ்ப் பக்கத்தை நான் சொல்லுறன், இதில கவனம் வைக்காட்டி பிறகு தரவு முழுக்கத் திருத்த வேண்டி வரும்.

ஸ்லக்கைத் தமிழில வைக்க வேண்டாம். தமிழ்க் குறியீடு ஒவ்வொண்டும் யூரிஎஃப்-8 எண்ட யூனிகோட் சேமிப்பு முறையில 3 பைற். முகவரியில அது சதவீதக் குறியோட எழுதப்படேக்க ஒண்டுக்கு 9 எழுத்து. உங்கட வேர்ட்பிரஸ் ஸ்லக் பெட்டிக்கு 200 எழுத்துத்தான் கொள்ளளவு, அதாவது 22 தமிழ்க் குறியீட்டோட முடிஞ்சுது. பழைய முகவரிகள் பாதியில வெட்டுப்பட்டு நிக்கிறதுக்குக் காரணம் அதுதான். வட்சப்பில ஒட்டினால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறியாத் தெரியும், ஆக்கள் அமத்தவே பயப்பிடுவினம். திகதியையும் குளத்தின்ர உரோம எழுத்துப் பெயரையும் சேர்த்து ஸ்லக் ஆக்குங்கோ. பதிவேற்றுறவர் அடிக்கத் தேவையில்லை, தானா உருவாகட்டும்.

குறுந்தகவல்: தமிழில போகேக்க ஒரு தகவலுக்கு 70 குறியீடுதான், 160 எண்டது உரோம எழுத்துக்கு உரிய கணக்கு. 70ஐத் தாண்டினால் துண்டு துண்டா உடையும், துண்டு ஒண்டுக்கு 67. கண்ணுக்குத் தெரியிற எழுத்தை எண்ணக் கூடாது. வாய்க்கால் எண்ட சொல் கண்ணுக்கு 5 எழுத்து, கணக்கில 10 குறியீடு: வ, கால், ய, புள்ளி, க, புள்ளி, க, கால், ல, புள்ளி. இரண்டு துண்டுக்குள்ள நிக்க வேணுமெண்டால் எல்லை 134. ஜாவாஸ்கிரிப்டின்ர நீளக் கணக்கும் தமிழுக்கு இதே எண்ணைத்தான் தரும், ஆகவே பெட்டியில 134 எண்டு எல்லை போட்டால் சரியா வேலை செய்யும். துண்டுக்குத்தான் காசு. உங்கட அங்கத்தவர் தொகையால பெருக்கிப் பாருங்கோ, ஏன் இறுக்கமா இருக்கச் சொல்லுறன் எண்டு விளங்கும். தலைப்பை அப்பிடியே அனுப்பாமல் இதுக்கெண்டு தனிப் பெட்டி வைச்சது நல்ல முடிவு.

அடுத்தது, பலர் தவற விடுற விசயம். கொ எண்ட எழுத்தை இரண்டு விதமாச் சேமிக்கலாம்: க-வும் ஒ-காரக் குறியும் எண்டு இரண்டு குறியீடு, அல்லது க, கொம்பு, கால் எண்டு மூண்டு குறியீடு. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனால் தேடினால் ஒண்டு மற்றதோட பொருந்தாது. பழைய மாற்றிகள் மூண்டாப் பிரிச்சு எழுதும், போன் விசைப்பலகை இரண்டா எழுதும். கொம்பு, கால் போட்ட ஒவ்வொரு எழுத்துக்கும் குறுந்தகவல்ல ஒரு குறியீடு வீணாப் போகும். சேமிக்க முன்னம் எல்லாத்தையும் என்எஃப்சி எண்ட, குறிகளைச் சேர்த்து எழுதுற ஒரே வடிவத்துக்கு மாத்துங்கோ. டிரெக்டஸ்ல பதிவு உருவாகிறதுக்கும் திருத்தப்படுறதுக்கும் முன்னால தானா ஓடுற ஹூக் எண்ட சின்ன நிரல் ஒண்டு எழுதினால் நாலு வரிதான். ஔகாரத்தில இன்னொரு பொறி: கொம்பு போட்டு ள எழுத்தைப் பக்கத்தில அடிச்சு ஔகாரக் குறி மாதிரி ஆக்கிப்போடுவினம். அது உண்மையான ள எழுத்து எண்டபடியால் என்எஃப்சி திருத்தாது. பெயர்ப் பட்டியல்களைக் கண்ணால பார்த்துத்தான் திருத்த வேணும்.

பாமினி: அது எழுத்துரு மட்டும்தான், அடியில கிடக்கிறது உரோம எழுத்து. அப்பிடியே ஒட்டினால் எல்லாருக்கும் குப்பையாத் தெரியும். பழைய பதிவுகளை மாற்றியில போட்டு யூனிகோடுக்குக் கொண்டு வாங்கோ. ஒரே பந்தியில பாமினியும் ஆங்கிலமும் கலந்து கிடந்தால் மாற்றி ஆங்கிலத்தையும் தமிழாக்கிப்போடும், அந்த இடங்களைக் கையால பாருங்கோ. புதுசா ஆரும் ஒட்டாமல் இருக்க, தலைப்புப் பெட்டிக்கு ஒரு சரிபார்ப்பு: யூனிகோட் தமிழ்த் தொகுதியில இருந்து ஒரு குறியீடாவது இல்லாட்டி ஏற்க வேண்டாம்.

வரிசைப்படுத்தல்: குளப் பட்டியலை அகரவரிசையில காட்டப் போறீங்கள். யூனிகோட் எண் வரிசையில ன எழுத்து ந-வுக்கு அடுத்ததா நிக்குது, ல-வுக்கு முன்னம். அதனால கனகாம்பிகைக்குளம் முதலில வந்து கல்மடு பின்னால போகும். தமிழ் நெடுங்கணக்கில ல முன்னம், ன கடைசி. கல்மடுதான் முதல் வர வேணும். முன்பக்கத்தில, ஜாவாஸ்கிரிப்டில இருக்கிற அடுக்கும் கருவியான இன்டல் கொலேற்றருக்குத் தமிழ் மொழிக் குறியைக் குடுத்து அடுக்கினால் சரியா வரும். போஸ்ட்கிரெசிலயே செய்யிறதெண்டால் ஐசியூ எண்ட யூனிகோட் நூலகத்தின்ர தமிழ் அடுக்குமுறை இருக்கு.

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ், சாதாரணம் ஒண்டு தடிப்பு ஒண்டு, இரண்டு கோப்புக்கு மேல வேண்டாம். உங்கட தளத்திலயே வைச்சுக் குடுங்கோ. கோப்பைச் சுருக்கேக்க எழுத்துகளை மட்டும் வைச்சுக்கொண்டு இணைப்பு விதிகளை வெட்டிப்போட்டால் கு, மூ, டி எல்லாம் உடைஞ்சு குறி தனியா நிக்கும். வரி உயரம் 1.7 அளவில வையுங்கோ. ஆங்கிலத்துக்கு வைக்கிற 1.4 இல மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் முட்டும்.


நெடுங்கேணி_நிரல்:

பில்ட் பற்றி யாரும் இன்னும் எண்ணிக்கை சொல்லவில்லை. கிளவுட்ஃபிளேயர் பேஜசின் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 500 பில்ட். சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் தானாகப் போகும் அழைப்பு) பில்டைத் தூண்டினால், எழுத்துப்பிழை திருத்தியே அது கரைந்துவிடும். நிலை பப்ளிஷ் ஆக இருக்கும் பதிவு மாறினால் மட்டும் தூண்டுங்கள். அதையும் உடனே அனுப்பாமல், மாற்றம் உண்டு என்று ஒரு குறியைப் போட்டு வைத்து, மணிக்கு ஒருமுறை பார்த்து குறி இருந்தால் மட்டும் பில்ட் செய்யுங்கள். காலை 5 மணியிலிருந்து இரவு 8 மணி வரை மணிக்கொன்று என்றால் நாளுக்கு 16, 31 நாளுக்கு 496. அது உச்சம், குறி இல்லாத மணிகள் கழிந்தால் பாதிக்கும் கீழே நிற்கும்.

நீர்மட்டத்துக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது, அதைப் பில்டிலிருந்து பிரியுங்கள். பக்கம் திறந்ததும் போனில் இருந்தே ஒரு சின்ன ஜேசனைக் கேட்டு எண்ணை மாற்றட்டும். ஜேசன் வராவிட்டால் கடைசியாகப் பில்டான எண்ணே அந்த இடத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் எடுத்த நேரமும் கட்டாயம். நேரம் இல்லாத நீர்மட்டத்தைக் காட்டுவதைவிடக் காட்டாமலே விடுவது மேல்.

நேரம் என்றதும்: பில்ட் ஓடுவது யூரிசி என்ற உலகப் பொது நேரத்தில். 12ஆம் திகதி நள்ளிரவு 12 மணி என்று இலங்கை நேரத்தில் அடித்தது, அங்கே 11ஆம் திகதி மாலை 6.30. நேர வலயம் கொடுக்காமல் திகதியை எழுதினால் பக்கத்தில் 11 என்று விழும், கமக்காரர் ஒரு நாள் முந்தி வயலில் நிற்பார். திறப்புத் திகதிக்கு நேரம் இல்லாத வெறும் திகதிப் பெட்டி வையுங்கள். நேரம் வேண்டிய இடத்தில் ஏசியா கொழும்பு வலயத்தைக் கொடுத்து எழுதுங்கள். இன்னொன்று: நிலையான தளத்தில் காலம் முடிந்த அறிவித்தல் தானாக மறையாது, அடுத்த பில்ட் வரும் வரை நிற்கும். நள்ளிரவு தாண்டி 12.05க்கு ஒரு பில்ட் கட்டாயம் ஓட வேண்டும், யூரிசி கணக்கில் 18.35 என்று குறியுங்கள். மேலே சொன்ன 496இல் இதையும் கூட்டினால் 527 வரும், அதனால்தான் குறி பார்த்து ஓடும் ஏற்பாடு தேவை.

டிரெக்டசின் ஏபிஐ எல்லை சொல்லாமல் விட்டால் 100 பதிவு மட்டுமே தரும். 100 வரைக்கும் எல்லாம் சரியாக ஓடும். 101ஆவது அறிவித்தல் ஏறிய நாளில் ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போகும், பிழைச் செய்தியும் வராது. எல்லைக்கு -1 என்று கொடுங்கள், அல்லது பக்கம் பக்கமாகக் கேளுங்கள். ஸ்ட்ராப்பியில் இதே கதை 25இல் தொடங்கும்.

அனுமதி: பொதுவினருக்கு எதையும் திறக்க வேண்டாம், நீர்மட்டத்தை வாசிப்பதைத் தவிர. பில்டுக்கு என்று ஒரு பயனர், அவருக்கு ஒரு டோக்கன் (கடவுச்சொல் மாதிரி ஒரு சாவி), அது பில்ட் சூழலின் இரகசிய மாறியில் மட்டும். அஸ்ட்ரோவில் பப்ளிக் என்று தொடங்கும் மாறிகள் வாசிப்பவரின் போன் வரைக்கும் போகும், டோக்கனுக்கு அந்தப் பெயர் வைத்துவிடாதீர்கள். நிலை பப்ளிஷ் ஆனவை மட்டும் என்ற வடிகட்டலைக் கேள்வியில் மட்டும் வைத்தால் போதாது. அந்தப் பயனரின் அனுமதி விதியிலேயே வையுங்கள். நிரலில் ஒரு வரி மறந்தாலும் டிராஃப்ட் வெளியே போகாது. அங்கத்தவர் தொலைபேசி இலக்கங்களை இந்தத் தரவுத்தளத்திலேயே வைக்காமல் விடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

படம்: ஏற்றும்போது பெரிது, காட்டும்போது சிறிது. அகலம் 800, தரம் 70, வெப்பி வடிவம் என்று கேட்டால் பெரும்பாலான படங்கள் 100 கிலோபைற்றை அண்டி நிற்கும். புதிய போன்கள் 50 மெகாபிக்சலில் எடுப்பது 8,000 பிக்சல் அகலத்தைத் தாண்டும். டிரெக்டசின் இயல்பு எல்லை 6,000. அதற்கு மேற்பட்டதை உருமாற்றாது. எல்லையைக் கூட்டுவதைவிடப் போன் கமராவை 12 மெகாபிக்சலில் வைக்கச் சொல்வது நல்லது, ஏற்ற டேற்றாவும் மிச்சம். பில்டின்போது நாற்பது படத்தை ஒரே நேரத்தில் கேட்டால் 2 ஜிபி சேர்வர் மூச்சுத் திணறும். மூன்று நாலாகக் கேளுங்கள்.

போனில் பதிவேற்றுபவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுக்க வேண்டும். படிவத்தைப் பாதியில் விட்டு வட்சப்பில் வாசகம் எடுக்கப் போனால், நினைவகம் குறைந்த போன் பின்னால் இருக்கும் பக்கத்தைத் தூக்கிவிடும். திரும்பி வரும்போது படிவம் வெறுமை. வாசகத்தை முதலில் குறிப்புச் செயலியில் அடித்து முடித்து, பிறகு ஒரே மூச்சில் ஒட்டிச் சேமிக்க வேண்டும்.

காப்பு: தரவுத்தளத்தை இரவில் ஒருமுறை கொட்டி வெளியிடத்தில் வைப்பது எல்லோரும் செய்வது. மறப்பது ஏற்றிய படங்கள் இருக்கும் கோப்புறையை. மென்பொருளைக் கொண்டெய்னர் என்ற பெட்டிக்குள் ஓட்டும் டோக்கரில், அதை வெளி வொலியூமில் (கொண்டெய்னருக்கு வெளியே உள்ள சேமிப்பிடத்தில்) இணைக்காமல் விட்டால், பதிப்பை உயர்த்தக் கொண்டெய்னரை மாற்றும் அன்றே படமெல்லாம் போய்விடும். இமேஜுக்கு லேற்றஸ்ட் என்று போடாமல் பதிப்பு எண்ணைக் குறியுங்கள். தொகுப்புகளின் அமைப்பைத் தனிக் கோப்பாக எடுக்கும் ஸ்நாப்ஷொட் கட்டளை டிரெக்டசில் உண்டு, அதைக் களஞ்சியத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் காப்பிலிருந்து எழுப்பிப் பாருங்கள்.


கரைச்சி_வலை:

முல்லைத்_தரவு சொன்ன 134 எல்லையையும் என்எஃப்சி ஹூக்கையும் போட்டுப் பார்த்தேன், பாமினி மாற்றியிலிருந்து வந்த வாசகங்கள் உடனே சுருங்குகின்றன. திறப்புத் திகதி வெறும் திகதிப் பெட்டியாக மாறிவிட்டது.

மிச்சம் ரிவி மட்டும். அலுவலகத்தில் நெற் அடிக்கடி விழும். அப்போது திரை வெறுமையாகக்கூடாது.


துருசு:

ரிவிக்குத் தனியாக ஒரு பக்கம் கட்டுங்கள், மெனு, படம் ஒன்றும் இல்லாமல். அது 5 நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்தல் ஜேசனையும் நீர்மட்ட ஜேசனையும் கேட்கட்டும். அறிவித்தல் ஜேசன் பில்டில் எழுதப்பட்ட கோப்பு, நீர்மட்டம் நேரே டிரெக்டசிலிருந்து. வந்ததை உலாவியின் லோக்கல் ஸ்ரோறேஜில் சேமித்து, அங்கிருந்துதான் திரையில் எழுத வேண்டும். கேள்வி தோற்றால் ஒன்றும் செய்யாமல் விடுங்கள், பழையதே திரையில் நிற்கும். பக்கத்தைத் தானாக ரீலோட் செய்யும் வழியை மட்டும் தவிருங்கள். நெற் இல்லாத நேரத்தில் ரீலோட் ஆனால் இணைப்பு இல்லை என்ற உலாவியின் பக்கம்தான் மிஞ்சும். மின்சாரம் போய் வந்தால் ரிவி புதிதாகத் திறக்கும். அதற்கு, உலாவியின் பின்னணியில் ஓடும் நிரலான சேர்விஸ் வேர்க்கர் ஒன்று வைத்து பக்கத்தையும் எழுத்துருவையும் கருவியிலேயே சேமியுங்கள்.

மூலையில் கடைசியாகத் தகவல் வந்த நேரம் பெரிதாகத் தெரியட்டும். 3 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த எழுத்தைச் சிவப்பாக்குங்கள். அதைப் பார்த்து அலுவலகத்தில் இருப்பவர் றவுட்டரைப் போய்ப் பார்ப்பார். காலம் முடிந்த அறிவித்தலை ரிவி தன் கடிகாரத்தை வைத்தே மறைக்க வேண்டும், ஆகவே முடியும் திகதியும் ஜேசனில் போக வேண்டும். மலிவான ரிவிப் பெட்டிகள் நெற் இல்லாமல் எழும்பினால் 1970இல் நிற்பதுண்டு. கருவியின் ஆண்டு பில்ட் ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் எதையும் மறைக்காமல் விடச் சொல்லி ஒரு நிபந்தனை எழுதிவிடுங்கள்.